அறுபத்து மூன்றாம் டோக்கன்

பிளக்கைப் பிடுங்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அதுவரை சிந்துஜாவுக்கு வேலை என்று எதுவும் இல்லை, உட்கார்ந்திருப்பதைத் தவிர. மேசைமேல் இருந்த லேப்டாப் புதிய சர்வருக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. சர்வர் ஒவ்வொரு எண்ணையும் வாங்கித் தன் டிஸ்க்கில் எழுதிவிட்டு, எழுதியாயிற்று என்று திருப்பிச் சொல்லிக்கொண்டே இருந்தது. மெஷின் நன்றாகச் சூடேறிய பிறகு, அது மும்முரமாக எழுதிக்கொண்டிருக்கும்போதே, சொல்லாமல் கொள்ளாமல் அவள் கரண்டைப் பிடுங்க வேண்டும். அப்புறம் மறுபடி கிளப்பி, எழுதியாயிற்று என்று அது கடைசியாகச் சொன்ன எண் உள்ளே உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் நல்ல மெஷின். இல்லாவிட்டால் பொய் சொல்லும் மெஷின். ஒரு டேட்டாபேஸ் சர்வரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது கடைசியில் இவ்வளவுதான், ரேம் எவ்வளவு, வேகம் எவ்வளவு என்பதெல்லாம் அதற்கப்புறம், என்று இப்போது அவளுக்குத் தெரிகிறது. நாற்பத்தோரு நாளைக்கு முன்னால் தெரியாதா? தெரியும். அதுதான். தெரியாமல் இருந்திருந்தால் இப்படி உட்கார்ந்து சுவரில் தொங்கும் வயரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஏசி குளிர் தோளில் இறங்கியது. துப்பட்டாவைக் கழுத்தில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். பக்கத்து ஐஸ் ஃபேக்டரியில் பாளங்கள் உடைபடும் சத்தம் தரை வழியாக வந்து உள்ளங்காலில் ஏறியது.

அறை சின்னது. மீன்பிடித் துறைமுகத்தில், படகுக்காரர்கள் சங்கத்தின் மாடியில், முன்பு கிழிந்த வலைகளைப் போட்டு வைத்திருந்த அறை. எத்தனை தடவை ஃபினாயில் போட்டுத் துடைத்தாலும் வலையின் வாடை சுவரை விட்டுப் போகவில்லை. கீழே டோக்கன் கவுன்டர். விடிவதற்கு முன் கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகும் அங்கே பேரைச் சொல்லி, ஆள் எத்தனை, எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லி டோக்கன் வாங்கிக்கொண்டு போக வேண்டும். திரும்பி வந்ததும் டோக்கனைக் கொடுத்துவிட வேண்டும். எந்த டோக்கன் திரும்பவில்லையோ அந்தப் படகைத் தேடிப் போவார்கள். கவுன்டரில் சூசை அண்ணன் தட்டுவதெல்லாம் இந்த அறையில் இருக்கும் சர்வரில் வந்து உட்காரும். அதைப் பார்த்துக்கொள்வதுதான் சிந்துஜாவின் கம்பெனிக்கு வேலை. கம்பெனி என்றால் டவுனில் ஒரு மாடியில் ராஜமாணிக்கம் சாரும் ஐந்து பேரும். அவள் திருச்செங்கோட்டுப் பக்கம். கல்லூரிச் சுற்றுலாவில் ஒரே ஒரு தடவை கடலைப் பார்த்தவள், அன்றைக்கும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மற்றவர்களின் பைகளுக்குக் காவல் நின்றவள். பைகளுக்குக் காவல் நிற்கச் சொன்னபோது என்ன சொன்னாள்? சரி என்றாள். மூலையில் பழைய சர்வர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது, வகுப்பில் முட்டி போடச் சொன்ன பிள்ளை மாதிரி. நாளைக்குக் காயலான் கடைக்காரர் வந்து எடுத்துப் போய்விடுவார். லேப்டாப்பில் எண் எண்பதாயிரத்தைத் தாண்டியது. எழுதியாயிற்று. எழுதியாயிற்று.

போன வருஷமே அவள் கேட்டிருந்தாள். கேட்டாள் என்று சொல்ல முடியாது, பட்டியலில் எழுதியிருந்தாள். சங்கத்துக்கு என்னென்ன வாங்கலாம் என்று சார் கேட்டபோது மூன்று நாள் உட்கார்ந்து படித்து ஒரு பக்கத்தில் எழுதினாள்: புது யு.பி.எஸ்., ஏனென்றால் இப்போது இருப்பதன் பேட்டரி செத்துக்கொண்டிருக்கிறது, ஆரஞ்சு விளக்கு எரிகிறது. அப்புறம் நல்ல டிஸ்க், கரண்டு போன பிறகும் கையில் இருப்பதை எழுதி முடிக்கும் அளவுக்கு உள்ளேயே ஒரு மூச்சு பிடித்து வைத்திருக்கும் வகை. சார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். “என்னம்மா, அவங்க பேங்கா நடத்துறாங்க? படகு டோக்கன். இருக்கிற மெஷின்ல ரேமைக் கூட்டிவிடு, போதும்.” அவளுடைய பையில் இன்னொரு காகிதம் இருந்தது. பேங்குக்கும் படகுக்கும் என்ன வித்தியாசம் என்று, சார் இப்படித்தான் கேட்பார் என்று தெரிந்து, முந்தின நாள் ஹாஸ்டலில் எழுதி வைத்த ஏழு வரி. பையின் ஜிப் மேல் கை இருந்தது. ஜிப் திறக்கவில்லை. “சரி சார்” என்றாள். அந்தக் காகிதம் இன்னும் அந்தப் பையில்தான் இருக்கிறது, மடிப்பில் கிழிந்து. சில சமயம் பேனா தேடும்போது விரலில் படும். ரேமைக் கூட்டினாள். டேட்டாபேஸுக்கு எவ்வளவு நினைவு, எத்தனை இணைப்பு என்று ஒவ்வோர் எண்ணாகத் திருகிப் பார்த்தாள். வேகம் கொஞ்சமும் கூடவில்லை. மந்தம் அங்கே இல்லை, டிஸ்க்கில் இருந்தது. ஒரு டோக்கனுக்குப் பத்துப் பன்னிரண்டு இடத்தில் எழுத வேண்டும், ஒவ்வொன்றுக்கும் அந்தக் கிழட்டு டிஸ்க் சுற்றி வந்து எழுதியாயிற்று என்று சொல்லும்வரை நிற்க வேண்டும், போதாததற்கு வாசல் கேமராவும் அதே டிஸ்க்கில். ஒரு மணி நேரத்துக்குள் எண்பது படகு வரும் கவுன்டரில் ஆட்கள் கத்தினார்கள். “சூசை, கம்ப்யூட்டருக்கு ஒரு டீ வாங்கிக் குடுல, தூங்குது.” சூசை அண்ணன் போனில் அவளிடம் சொன்னார்: “தங்கச்சி, ஒன் மெஷினு யோசிச்சு முடிக்கதுக்குள்ள கடல்ல கெடக்க மீனுக்கு வயசாயிரும்.” அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவளுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரே ஒரு வரிதான். டிஸ்க் எழுதி முடிக்கும்வரை காத்திரு என்று இருக்கும் வரியை, காத்திருக்க வேண்டாம் என்று மாற்றினால் போதும். அப்புறம் டேட்டாபேஸ் எதையும் டிஸ்க்கிடம் கேட்டுக்கொண்டு நிற்காது. வந்ததை நினைவில் வைத்துக்கொண்டு உடனே எழுதியாயிற்று என்று சொல்லிவிடும், எழுதுவதைப் பிறகு சாவகாசமாக எழுதிக்கொள்ளும். அந்தப் பிறகுக்குள் கரண்டு போனால் போனதுதான். இந்த வரியைத் தொடாதே என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. கல்லூரியில் பாடம் எடுத்த மேடம்கூட அந்த இடத்தில் சாக்பீஸால் பலகையை இரண்டு தட்டுத் தட்டினார், அந்தச் சத்தம்கூட நினைவிருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மட்டும் என்று நினைத்தாள். அதற்குள் சாரிடம் மறுபடி கேட்டு யு.பி.எஸ். வாங்கிவிடலாம். கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே சாரின் அறை வரை போய், சார் போனில் பேசுகிறார் என்று திரும்பினாள். இன்னொரு நாள் சார் போனில் பேசவில்லை, அன்றைக்கும் திரும்பினாள். இரண்டு வாரம் மூன்று மாதமானது. வரியை மாற்றிய மறுநாள் விடியற்காலை கவுன்டருக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள், எப்படி ஓடுகிறது என்று பார்க்க. தட்டினால் டிக். தட்டினால் டிக். பச்சை டிக் விழுந்து டோக்கன் காகிதம் கரகரவென்று வெளியே வந்தது. சாயம் போன டீ-ஷர்ட் போட்ட ஒருவர் ஜன்னலுக்குள் தலையை நீட்டினார். “எலேய் சூசை, என்னல, கம்ப்யூட்டருக்குக் கல்யாணம் ஆயிட்டா? இந்த ஓட்டம் ஓடுது?” சூசை அண்ணன் கட்டைவிரலால் பின்னால் காட்டினார்: “இந்தா, இந்தத் தங்கச்சி செஞ்ச வேல.” அவர் எட்டிப் பார்த்தார். அவள் கீபோர்டைப் பார்த்தாள். அதுதான் பிரிட்டோ. மத்தியானம் திரும்பி வந்தபோது பாலிதீன் பையில் இறால் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். “பிடி தங்கச்சி. ஒங்க ஊர்ல இது ஆப்படாது, தேடுனாலும் கெடைக்காது.” அவள் வீட்டில் முட்டைகூட உள்ளே வராது. வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தாள். “சரிண்ணே” என்றுதான் வந்தது. பஸ்ஸில் பை சொட்டிக்கொண்டே வந்தது, பக்கத்து சீட் அம்மா சேலையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள், கடைசியில் பையைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி வெயிலில் நடந்தாள். அடுத்த தடவை சூசை அண்ணன் கேட்டபோது நல்லா இருந்துச்சுண்ணே என்றாள். இன்னொன்றும் சொன்னாள். அவர் கம்ப்யூட்டரிலும் தட்டி, பக்கத்தில் ஒரு நோட்டிலும் எழுதிக்கொண்டிருந்தார். “இனிமே நோட்டு வேண்டாம்ணே. இது மறக்காது.” அவ்வளவு கூச்சத்திலும் அதை மட்டும் எப்படித் தெளிவாகச் சொன்னாள் என்று தெரியவில்லை.

எண் மூன்று லட்சம். இன்னும் ஒன்பது நிமிடம். ஐஸ் சத்தம் நின்று மறுபடி தொடங்கியது. அந்த நாளை நேரம் நேரமாக அவளுக்குத் தெரியும், அங்கே இல்லாமலே. விடியற்காலை நாலே முக்காலுக்குத் துறைமுகம் முழுக்கக் கரண்டு போனது. யு.பி.எஸ். ஒரு தடவை கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது. ஜெனரேட்டர் ஓட இரண்டு நிமிடம், சர்வர் எழுந்து வர நாலு நிமிடம், அதற்குள் ஜன்னலில் இருபது பேர். வந்ததும் சூசை அண்ணன் தட்டத் தொடங்கினார். மத்தியானம் இரண்டு மணிக்கு வர வேண்டிய பிரிட்டோவின் ஃபைபர் படகு வரவில்லை. நாலு மணிக்கு அவருடைய மனைவி ஜெசிந்தா கவுன்டருக்கு வந்து கேட்டாள். சூசை அண்ணன் தேடினார். பதிவில் பிரிட்டோ இல்லை. அன்றைக்குப் போன எழுபத்தொன்பது படகில் அந்தப் பேரே இல்லை. எஞ்சினை மேற்குக் கரைக்குக் கொண்டுபோய் பழுது பார்க்க வேண்டும் என்று பிரிட்டோ ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், அங்கேதான் போயிருப்பான், இங்கேயிருந்து போகவில்லை, கம்ப்யூட்டர் சொல்லுதுல்லா, என்றார் சங்கத் தலைவர். நாலு மணி. ஐப்பசி மாதம், ஆறு மணி வரை வெளிச்சம் இருக்கும். வயர்லெஸ்ஸில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திரும்பி வந்துகொண்டிருந்த படகுகளே தேடியிருக்கும். யாரும் போகவில்லை. மறுநாள் மேற்குக் கரையிலும் இல்லை என்று தெரிந்து கிளம்பிப் போனபோது, கவிழ்ந்த படகின்மேல், கூடப் போயிருந்த ஜெசிந்தாவின் தம்பி ஜஸ்டஸ் மட்டும் கிடந்தான். ராத்திரி முழுக்க மச்சான் பிடித்துக்கொண்டுதான் இருந்தார் என்றான். பேசிக்கொண்டுகூட இருந்தார். விடிந்த பிறகுதான் பேச்சு நின்றது, திரும்பிப் பார்த்தால் பிடித்திருந்த கையைக் காணோம். விடிந்த பிறகு. இந்த இடத்துக்கு வந்ததும் அவள் மனசு எப்போதும் திரும்பி நாலே முக்காலுக்கே போய்விடும், அங்கேயிருந்து மறுபடி நடந்து வரும், வேறு ஏதாவது வழியில் வர முடியுமா என்று பார்க்கிற மாதிரி.

விசாரணை அன்றைக்கு அவள் இருந்தாள். மின்தடையால் மெஷினுக்கு ஏதும் ஆகிவிட்டதா என்று பார்க்க சார் அனுப்பியிருந்தார். சங்கத்து ஹாலில் ஜஸ்டஸ் உட்கார்ந்திருந்தான், உதடு வெடித்து, மூக்கில் தோல் உரிந்து. “அறுபத்து மூணு. சூசையண்ணன் சத்தமாக் கூப்புட்டாவ. மச்சான் வாங்கி டீசல் கேனு மூடிக்குள்ள சுருட்டி வச்சாவ.” தலைவர் மேசையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். “அறுபத்து மூணு மரியதாஸ் படகுடே. இந்தா, அவன் திருப்பிக் குடுத்தது.” யாரோ மெதுவாக, உப்புத் தண்ணி குடிச்சுக் கெடந்தவன், பாவம், என்றார்கள். ஜஸ்டஸ் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கப் பார்க்க அவன் முகத்தில் அறுபத்து மூன்று கரைந்துபோவது தெரிந்தது. சூசை அண்ணனைக் கேட்டார்கள். “நான் குடுத்த மாதிரித்தான் இருக்கு. டிக்கு விழுந்த மாதிரி...” “மாதிரியா, விழுந்துச்சா?” அவர் திரும்பி சிந்துஜாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். தரையில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது, காய்ந்து, வெள்ளி நகம் மாதிரி. அந்த ஹாலில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும், ஜஸ்டஸ், சூசை அண்ணன், தலைவர் மூன்று பேர் சொல்வதும் உண்மை என்று. பிரிட்டோவுக்கு அறுபத்து மூன்று கொடுத்தார்கள், டிக் விழுந்தது, காகிதம் வந்தது, அடுத்த சில நொடியில் கரண்டு போனது. சர்வர் எழுந்து வந்தபோது அதன் கையில் இருந்த கடைசி எண் அறுபத்திரண்டு. அடுத்து வந்த மரியதாஸுக்கு அது மறுபடியும் அறுபத்து மூன்றைக் கொடுத்தது. கதவோரம் நின்ற ஜெசிந்தா சொன்னாள்: “அவுக டோக்கன் எடுக்காம போவ மாட்டாவ.” சத்தமில்லாமல், ஒரே மாதிரி, மூன்று தடவை. டோக்கன் பெறாமல் சென்ற படகு என்று மினிட் புத்தகத்தில் எழுதினார்கள். சிந்துஜா மாடிக்கு வந்தாள், இதே அறைக்கு, அந்த வரியைப் பழையபடி மாற்றினாள். காத்திரு. இரண்டு விநாடி வேலை. விரல் நடுங்கவில்லை, அதுதான் இன்றுவரை பயமாக இருக்கிறது. சார் போனில், மின்தடைக்கும் பதிவுக்கும் சம்பந்தமில்லைன்னு ரெண்டு வரி போட்டுடும்மா, என்றார். சரி சார். அதற்குப் பிறகு சங்கத்தில் பயந்துபோய் புது சர்வருக்குப் பணம் கட்டினார்கள். நல்ல டிஸ்க், புது யு.பி.எஸ்., பட்டியலில் இருந்ததெல்லாம், கேட்காமலே.

நேரமாகிவிட்டது. எழுந்து போய் வயரைப் பிடித்தாள். லேசாகச் சூடாக இருந்தது, உள்ளே ஏதோ ஓடுகிற சூடு. ஒன்று, இரண்டு என்று எண்ணக் கூடாது, எண்ணினால் அது முன்னறிவிப்பு. பிடுங்கினாள். விசிறிகள் முனகி அடங்கின. அந்த நிசப்தத்தில் ஏசிகூட நின்றுவிட்ட மாதிரி இருந்தது. மறுபடி சொருகினாள், காத்திருந்தாள், கேட்டாள். லேப்டாப்பிடம் கடைசியாகச் சொன்ன எண் ஐந்து லட்சத்துப் பதினெட்டாயிரத்து நாற்பத்தேழு. உள்ளே இருந்த கடைசி எண் ஐந்து லட்சத்துப் பதினெட்டாயிரத்து நாற்பத்தேழு. இன்னும் மூன்று தடவை செய்தாள், மூன்று தடவையும் ஒன்றுகூடக் குறையவில்லை. இதற்குச் சந்தோஷப்பட வேண்டும். போன் அடித்தது. “என்னம்மா, பாஸா?” என்றார் சார். “பாஸ் சார்.” “ரிப்போர்ட் அனுப்பிட்டு பஸ்ஸைப் பிடி. பழசுல இருக்கிற டிஸ்க்கை அழிச்சிடு, காயலான் கடைக்குப் போறது.” அவள் மூலையைப் பார்த்தாள். “லைன்ல இருக்கியா?” “இருக்கேன் சார்.” சார் வைத்துவிட்டார். சரி என்று சொல்லவில்லை என்பது வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது, படியில் ஒரு படியைத் தவறவிட்ட மாதிரி. அழித்துவிடலாம். அழித்தால் முடிந்தது, இனி யாராலும் எதையும் காட்ட முடியாது. இப்போது மட்டும் என்ன, யாரால் காட்ட முடியும்? அந்த வரிதான் நல்ல பிள்ளையாகக் காத்திரு என்று நிற்கிறதே. மெஷினிடம் சாட்சி எதுவும் இல்லை, அதை அவளே துடைத்துவிட்டாள். மூலைக்குப் போய்ப் பழைய சர்வரை இருக்கிற இடத்திலேயே திருப்பி வைத்து வயரைச் சொருகினாள். தூசி எரிகிற வாடை வந்தது. வரியைத் திறந்தாள். காத்திருக்க வேண்டாம். எண்களை அனுப்பினாள். என்ன வேகம். எழுதியாயிற்று எழுதியாயிற்று எழுதியாயிற்று என்று அது மூச்சுவிடாமல் சொன்னது, பாராட்டு வாங்கிய நாளில் சொன்ன அதே உற்சாகத்தோடு. பிடுங்கினாள். மறுபடி சொருகி, உள்ளே பார்த்தாள்.

பதினான்கு நொடி. லேப்டாப்பிடம் எழுதியாயிற்று என்று சொன்னதில் கடைசிப் பதினான்கு நொடி உள்ளே இல்லை. அந்த இடத்தில் கிழிசல்கூட இல்லை. எதுவும் நடக்காத மாதிரி சுத்தமாக இருந்தது. ஒரு டோக்கன் அடித்துக் கொடுக்க சூசை அண்ணனுக்குப் பத்து நொடி போதும்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சூசை அண்ணன் கையில் இரண்டு டீ, மேலே வைத்த காகிதம் நனைந்திருந்தது. அக்குளில் ஒரு நீள நோட்டு. இப்போதெல்லாம் அவர் அந்த நோட்டை எங்கேயும் வைப்பதில்லை. ஒவ்வொரு டோக்கனையும் எழுதி, எழுதியதைத் திரும்ப வாசித்து, ஜன்னலில் நிற்பவரிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறார், ஆட்கள் கத்தினாலும்.

“குடி தங்கச்சி, ஆறிரும். முடிஞ்சுதா?”

“முடிஞ்சுதுண்ணே.”

“பழசையும் ஓட விட்டிருக்கியா? பிரிய மனசில்லயோ?” அவர் சிரித்துவிட்டு நிறுத்தினார். “வீட்டுல கேஸ் அடுப்ப மூணு மட்டம் எந்திரிச்சுப் பாக்கேன். மூடியிருக்கு. மறுபடியும் பாக்கேன். ஒங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிட்டான்னு அவ ஏசுதா. எனக்கு என் கண்ணு மேலயே நம்பிக்க போச்சு, தங்கச்சி. பேசாம இந்தக் கவுன்டரு வேலய விட்டுருலாம்னு இருக்கேன்.”

டீ டம்ளரின் சூடு அவளுடைய விரல்களில் ஏறியது. வைக்கலாம், வைக்கத் தோன்றவில்லை.

“அண்ணே, அன்னைக்கு டிக் விழுந்துச்சு.”

அவர் புரியாமல் பார்த்தார்.

“நீங்க பார்த்தது நிஜம்ங்க. அறுபத்து மூணு பிரிட்டோ அண்ணனுக்குத்தான் குடுத்தீங்க. மெஷின் எழுதிட்டேன்னு சொல்லிட்டு எழுதலை. அப்படிச் சொல்லட்டும்னு வச்சது நான்தான். வேகமா இருக்கணும்னு. அப்புறம் யாருக்கும் தெரியாம மாத்திட்டேன்.” லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். இரண்டு எண்களையும் காட்டினாள், நடுவில் இல்லாமல் போனதையும்.

அவர் எண்களைப் படிக்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஐஸ் உடைந்தது, நின்றது, உடைந்தது. நோட்டை மேசைமேல் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார், இரண்டு உள்ளங்கையாலும் முகத்தை மேலிருந்து கீழாகத் துடைத்தார்.

“அப்போ நான் பாத்தேன்.”

“பார்த்தீங்கண்ணே.”

“நாப்பது நாளா...” என்றார். திட்டுவார் என்று நினைத்தாள், திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். “அந்த ஜெசிந்தாப் பொண்ணு தெனமும் என்ன ஒரு பார்வ பாத்துட்டுப் போவும்” என்றார். பிறகு எழுந்தார். “நீ அஞ்சர பஸ்ஸப் புடி. சின்னப் பொண்ணு. நான் பக்குவமாச் சொல்லிக்கிடுதேன்.”

சரி என்ற வார்த்தை நாக்கின் நுனிவரை வந்தது, இத்தனை வருஷப் பழக்கத்தில் தானாக நடந்து வந்தது.

“இல்லண்ணே. நான் சொல்றேன். மினிட் புத்தகத்துலயும் எழுதணும்.”

ஏலக்கூடத்தைத் தாண்டி, மீன் அறுத்துக் கொடுக்கும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மாதமாக ஜெசிந்தாவும் அங்கேதான். சூசை அண்ணன் பத்தடி தள்ளி ஐஸ் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். தரையெல்லாம் தண்ணீரும் செதிலும். சிந்துஜா பேன்ட்டைத் தூக்கிப் பிடிக்கவில்லை. அரிவாள்மனையில் ஒரு பாரை மீனை வைத்துக்கொண்டே ஜெசிந்தா நிமிர்ந்தாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை, களைப்பு மட்டும். யாரென்று தேடினாள், கண்டுபிடித்தாள்.

“கம்ப்யூட்டர் பிள்ளல்லா நீ? அவுக சொல்லியிருக்காவ. கூச்சப்பட்ட பிள்ள, தல நிமுராது, ஆனா கையில வேல இருக்குன்னு. ஒனக்கு இறாலு குடுத்தேன்னு சொன்னாவளே.” ஒரு துண்டு வெட்டி ஒதுக்கினாள். “சாப்புட்டியாம்மா?”

காகங்கள் கூரையில் இறங்கின. நல்லா இருந்துச்சுண்ணே என்று ஒரு தடவை சொன்ன வாய் அது. அந்தப் பை பஸ்ஸில் எங்கே போயிருக்கும், யார் எடுத்திருப்பார்கள், கடைசி நிறுத்தத்தில் யாராவது தூக்கி வெளியே எறிந்திருப்பார்கள்.

“இல்லக்கா. சாப்பிடலை. பஸ்லயே விட்டுட்டுப் போயிட்டேன்.” தலையை நிமிர்த்தினாள். “இன்னொண்ணும் சொல்லணும்க்கா. அண்ணன் அன்னைக்கு டோக்கன் எடுத்தாங்க.”

ஜெசிந்தாவின் கை மீன்மேல் நின்றது. பக்கத்தில் இருந்த பெண்களின் பேச்சும் நின்றது. அவள் மீனை மெதுவாகத் தட்டில் வைத்தாள், அரிவாள்மனையைச் சாய்த்துப் படுக்க வைத்தாள், கையை வாளித் தண்ணீரில் முக்கிக் கழுவிச் சேலையில் துடைத்தாள். பிறகு சிந்துஜாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, மிச்சத்தையும் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.